பழைய லாரி, தீராத எஞ்சின் கோளாறு: பட்டறையில் எதைக் கேட்பது, எதை அளக்கச் சொல்வது

"பம்ப் வேலை பார்த்தாச்சு, நாசில் மாத்தியாச்சு, ஃபில்டர் மூணு தடவை மாத்தியாச்சு, இன்னும் மேடு ஏற மாட்டேங்குது." பழைய லாரி வைத்திருப்பவர்களின் புலம்பல் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். மாற்றிய பாகங்களை ஒன்றுவிடாமல் சொல்வார்கள். அளந்து பார்த்த அளவு ஏதாவது உண்டா என்று கேட்டால் பதில் வராது. பாகத்துக்குப் பணம் கொடுக்கத் தயங்காதவர், சோதனைக்கு லேபர் (வேலைக்கூலி) கேட்டால் முகம் சுளிப்பார். பட்டறைக்காரரும் அதைப் புரிந்துகொண்டு, சோதனை என்ற பேச்சையே எடுக்காமல் நேராகப் பாகத்தைக் கழற்றுவார். கோளாறு மாதக்கணக்கில் இழுப்பது இப்படித்தான்.

இங்கே பேசுவது டீசல் லாரி பற்றி மட்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் பம்ப், அதாவது இன்லைன் அல்லது ரோட்டரி பம்ப், முழுக்க இயந்திர முறையில் இயங்கும் எஞ்சின். பாஷ் நிறுவனம் 1927-இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த இன்லைன் பம்பின் அடிப்படை அமைப்புதான் பல பத்தாண்டுகள் ஓடியது. இன்னொன்று காமன் ரெயில்: உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயில் தேக்கி, கணினிக் கட்டுப்பாட்டில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தரும் அமைப்பு. 1995-இல் டென்சோவின் அமைப்போடு ஹினோ லாரியில் வந்தது. அதற்குப் பின் படிப்படியாக எல்லா இடத்திலும் பரவியது. உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகையில் சாதாரணமாகச் செய்யும் ஒரு சோதனை, இரண்டாம் வகையில் ஆளையே கொன்றுவிடும்.

பட்டறைக்குள் நுழைந்ததும் "பம்ப் போயிடுச்சு, பாருங்கண்ணே" என்று சொல்லாதீர்கள். சொன்னால் பம்பைக் கழற்றுவார்கள், வேலை பார்ப்பார்கள், பில் வரும். கோளாறு அப்படியே இருந்தால், "நீங்கதானே பம்ப் பார்க்கச் சொன்னீங்க" என்பார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது. நோயைச் சொல்லாமல் அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். அதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பிறகா? லோடு ஏற்றினால் மட்டுமா, வெறும் வண்டியிலுமா? எந்த கியரில், எந்த ஆர்.பி.எம்.மில்? டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது அதிகமாகிறதா? நின்றுபோனால் எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறது? புகை என்ன நிறம்? ஆயில் அளவு குறைகிறதா, ஏறுகிறதா? இதுவரை மாற்றிய பாகங்கள், மாற்றியபோது ஓடியிருந்த கிலோமீட்டர், மாற்றிய பிறகு அறிகுறியில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வித்தியாசமே தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

புகையின் நிறத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் டீசல் போதுமான அளவு உள்ளே போகிறது, சரியாக எரியவில்லை. காற்று குறைவு, நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முனை) தெளிப்பு மோசம், டைமிங் (டீசல் தெளிக்கப்படும் நேரம்) பின்தங்கியிருக்கிறது, அல்லது பம்ப் அளவுக்கு மீறி ஊற்றுகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகையில் இரண்டு சங்கதி உண்டு. குளிர்ந்த எஞ்சினில் வந்து கண்ணை எரித்தால் அது எரியாத டீசல். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் தொடர்ந்து வந்து, இனிப்பு வாடை அடித்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. பலர் கவனிக்காமல் விடும் நான்காவது நிலைமை ஒன்று உண்டு: இழுவையும் இல்லை, புகையும் இல்லை. அதற்கு அர்த்தம், எஞ்சினுக்குப் போதுமான டீசலே போய்ச் சேரவில்லை. அந்த வண்டிக்கு டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) மாற்றினால் பணம்தான் தண்டம்.

புகையில்லாத இழுவைக் குறைவில் முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிலரேட்டர் லிங்கேஜ். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் பெடலை முழுசாக மிதிக்கட்டும். இன்னொருவர் பம்ப் லீவர் ஃபுல் ஸ்டாப் ஸ்குருவில் போய் முட்டுகிறதா என்று பார்க்கட்டும். புஷ் தேய்ந்து, கேபிள் நீண்டு, லீவர் முக்கால் தூரமே போகும் வண்டிகள் நிறைய. டர்போ எஞ்சினில், பம்பின் மேலிருக்கும் டயாஃப்ரம் அறைக்கு இன்டேக்கிலிருந்து வரும் சின்னக் குழாய் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் குழாயில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வராவிட்டால் பம்ப் கூடுதல் டீசல் தராது. இரண்டுக்கும் ஸ்பேனரைக்கூட எடுக்க வேண்டியதில்லை. அப்படியே எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு பாதி மூடிய நிலையில் சிக்கியிருக்கிறதா, ஏதாவது ஒரு வீல் டிரம் மட்டும் அதிகமாகச் சூடாகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். எஞ்சின் மேல் பழி விழுந்த பல வண்டிகளில் பிரேக்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது டீசல் வரும் வழி. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை உறிஞ்சிப் பெரிய பம்புக்கு அனுப்பும் சின்னப் பம்ப்) வரைக்கும் உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். எங்குமே கசிவில்லை, சுத்தமாக இருக்கிறது என்று பட்டறையில் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் வண்டி ஏர் எடுத்துக்கொண்டிருக்கும். ராத்திரி நிறுத்தினால் டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே போய்விடும், காலையில் செல்ஃப் நீளமாக இழுக்கும். கை பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் பம்ப்) அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறதா? அப்படியானால் நாசிலையும் பம்பையும் விட்டுவிட்டுக் குழாயைப் பாருங்கள்.

ஏர் நுழையும் இடங்கள் தெரிந்தவைதான். பேஞ்சோ போல்ட்டின் (குழாய் முனையை இணைக்கும் துளையுள்ள போல்ட்) இரண்டு பக்கமும் உள்ள வாஷர்கள், ஒருமுறை நசுங்கியதையே திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம். பிரைமரின் பிஸ்டன் சீல். கிளிப் அழுத்தும் இடத்தில் வெடித்த ரப்பர் குழாய். டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் துருப்பிடித்து விழுந்த சின்ன ஓட்டை. டீசல் பாதிக்குக் கீழே போனால் மட்டும் கோளாறு வருகிறது என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஏர் மட்டுமல்ல, அடைப்பும் இதே அறிகுறியைத் தரும். ரப்பர் குழாயின் உள்சுவர் உரிந்து, உறிஞ்சும்போது மூடிக்கொள்ளும் கதவு மாதிரி ஆகிவிடும். வெளியே பார்த்தால் குழாய் புதுசு போலத் தெரியும். ஃபீட் பம்பின் நுழைவாயிலில் ஒரு சின்ன வலை இருப்பதே பலருக்குத் தெரியாது. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்தால், கொஞ்ச தூரம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் கோளாறு கையில் கிடைத்தது.

இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் பிரித்துக்காட்டும் சோதனை ஒன்று உண்டு. 10 அல்லது 20 லிட்டர் பிடிக்கும் சுத்தமான கேனில் வடிகட்டிய டீசலை ஊற்றி, எஞ்சினைவிடச் சற்று உயரத்தில், சூடான சைலன்சர் பக்கம் போகாமல், அசையாதபடி கட்டுங்கள். ஃபீட் பம்புக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டையும் அந்தக் கேனிலேயே விடுங்கள். திரும்பு குழாயைப் பழைய டேங்குக்கே விட்டால் கேன் சீக்கிரம் காலியாகி ஏர் எடுக்கும், சோதனை குழம்பும். இப்படியே ஓட்டிப் பார்க்கும்போது கோளாறு காணாமல் போனால் டேங்கும் அதன் குழாய்களும்தான் குற்றவாளி. மாறாமல் இருந்தால் அவற்றை மறந்துவிட்டு முன்னால் போகலாம். பட்டறையில் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அந்தப் பட்டறை எப்படிப்பட்டது என்பதாவது தெரிந்துபோகும்.

ஃபீட் பம்புக்குப் பிறகு, இன்லைன் பம்பின் அறைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கேஜ் போட்டு அளக்க வேண்டும். பம்ப் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 1 முதல் 2.5 பார் (அழுத்த அலகு) வரை இருக்கும். சரியான அளவு கையேட்டில் உண்டு. ஐடிலிங்கில் சரியாகக் காட்டி, லோடில் விழுந்தால் ஃபில்டர், ஃபீட் பம்ப், திரும்பு வழியில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு மூன்றையும் பார்க்க வேண்டும். அந்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண போல்ட் போட்டு வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு.

காற்று வரும் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏர் கிளீனரைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தடையைக் காட்டும் இண்டிகேட்டர் இருந்தால், பல எஞ்சின்களில் 25 அங்குல நீர் அளவுதான் எல்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக மேனிஃபோல்டு வரைக்கும் இரு முனைகளையும் அடைத்து, ரெகுலேட்டர் வைத்துக் குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிவு நுரைத்துக் காட்டும். டர்போவின் தண்டு ஆடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும்.

மிஸ்ஸிங் அடிக்கும் (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாத) எஞ்சினில், எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஐடிலிங்கில் நாசிலுக்குப் போகும் யூனியன் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துவார்கள். தளர்த்தியும் வேகம் குறையாத சிலிண்டர்தான் வேலை செய்யாத சிலிண்டர். இயந்திர பம்ப் எஞ்சினில், பாதுகாப்புக் கண்ணாடியும் துணியும் வைத்துக்கொண்டு செய்யலாம். காமன் ரெயிலில் ஒருபோதும் கூடாது. ஓடும்போது அங்கே இருப்பது நூற்றுக்கணக்கான பார், லோடில் 1,500 பாருக்கும் மேல். ஊசி முனை அளவு பீச்சலே தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டுவிட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாசிலைக் கழற்றினால் டெஸ்டரில் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: திறக்கும் அழுத்தம், தெளிப்பின் வடிவம், சொட்டு. நேரடி உட்செலுத்தல் எஞ்சின்களில் திறக்கும் அழுத்தம் பொதுவாக 180 முதல் 260 பாருக்குள் வரும். அந்த அளவுக்கு 20 பார் குறைவாக வைத்து 10 விநாடி பிடித்தால், முனையில் சொட்டு விழக்கூடாது. ஒவ்வொரு நாசிலுக்கும் எண்ணை எழுதி வாங்குங்கள். திரும்பப் பொருத்தும்போது அடியில் இருக்கும் செம்பு வாஷர் புதுசாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், கையேட்டில் சொன்ன தடிமனில் இருக்க வேண்டும். பழையது துளைக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்காமல் அதன்மேல் புதுசைப் போட்டால் நாசில் முனை உயர்ந்து, தெளிப்பு பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தில் விழாது. நாசில் வேலை பார்த்த பிறகு புகை அதிகமானால் அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.

பட்டறைக்கும் பம்ப் ரூமுக்கும் (பம்ப், நாசில் மட்டும் வேலை பார்க்கும் இடம்) நடுவில் வண்டிக்காரர் பந்தாடப்படுவது தெரிந்த கதை. இவர் பம்ப் என்பார், அவர் எஞ்சின் என்பார். இதற்கு முடிவு கட்டுவது காகிதம். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால், எந்த ஆர்.பி.எம்.மில் 1,000 ஸ்ட்ரோக்குக்கு எத்தனை கன செ.மீ. டீசல் ஒவ்வொரு எலிமென்டும் (ஒரு சிலிண்டருக்கு டீசல் தள்ளும் பகுதி) தருகிறது என்ற அளவு தாளில் வரும். சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவும் பின் எடுத்த அளவும் இரண்டுமே வேண்டும். முன் அளவே சரியாக இருந்திருந்தால் கோளாறு பம்பில் இல்லை. இரண்டாவது முறை பம்பைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். பம்ப் சரி என்று தாள் சொல்லியும், பொருத்திய பிறகு வண்டி முன்னைவிட மோசம் என்றால் டைமிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பின்தங்கினால் குளிரில் வெள்ளைப் புகையும் இழுவைக் குறைவும். முந்தினால் சுத்தியல் அடிப்பது போன்ற நாக்கிங். காதால் கேட்டு, பம்பை இப்படியும் அப்படியும் திருப்பி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டிகிரி அளவு கையேட்டில் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

காமன் ரெயில் வண்டியில் ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடு ஒரு பாகத்தின் பெயர் இல்லை. ரெயில் பிரஷர் குறைவு என்று வந்தால், அடைத்த ஃபில்டரிலிருந்து தேய்ந்த பம்ப் வரை எதுவும் காரணமாகலாம். ஸ்டார்ட் ஆகாத வண்டியில், செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் எவ்வளவு ஏறுகிறது என்று கேளுங்கள். பல அமைப்புகளில் ஏறத்தாழ 200 பார் வராமல் இன்ஜெக்டரைத் திறக்க ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அனுமதிக்காது. அடுத்து ரிட்டர்ன் அளவு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் தனித்தனிக் குப்பியில் விட்டு ஒரே நேரத்துக்கு ஓட்டினால், உள்ளே கசியும் இன்ஜெக்டரின் குப்பி மட்டும் நிறைந்து நிற்கும். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் பொறித்த குறியீட்டை ஈசியூவில் ஏற்ற வேண்டிய வகையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றாமல் விட்டு ஐடிலிங் ஆடுவதைப் பார்த்து, இன்ஜெக்டரையே குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு மின் பக்கம் ஒரு கண் இருக்கட்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் வோல்ட்மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் கேபிள் சரியில்லை. செல்ஃப் மெதுவாகச் சுற்றி, கம்ப்ரஷன் இல்லாத எஞ்சின் போலவே நடிக்கும். சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் டீசல் கட்-ஆஃப் சாலினாய்டு அல்லது கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம். நின்றுபோன அந்த நிமிஷத்திலேயே அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும்.

கடைசியாக, "எஞ்சின் வேலை செய்யணும்" என்று சொல்லப்படும் கட்டம். அதற்கு முன்னால் கம்ப்ரஷன் எண்கள் வேண்டும். டீசலுக்கான கேஜில், எஞ்சின் சூடாக, பேட்டரி நிறைவாக, டீசல் வராதபடி நிறுத்தி அளக்க வேண்டும். நல்ல டீசல் எஞ்சினில் பொதுவாக 25 முதல் 30 பார் வரும். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். குறைவாக வந்த சிலிண்டரில் காற்றை ஏற்றிக் கேட்டால், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது விரிசல். வால்வு என்றால், ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் டேப்பெட் கிளியரன்ஸை (வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி) பாருங்கள். இறுகிப்போன டேப்பெட் வால்வை உட்காரவிடாது.

ஆயில் மூடியைத் திறந்ததும் புகை பீறிட்டு வந்தால் ரிங் போய்விட்டது என்று அங்கேயே தீர்ப்பு எழுதுபவர்கள் உண்டு. ஏர் பிரேக் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்தாலும், டர்போவின் சீல் போனாலும் அந்தக் காற்று கிராங்க்கேஸுக்குள்தான் வந்து சேரும். கம்ப்ரஸரை லோடு இல்லாத நிலையில் ஓடவிட்டு, அல்லது கையேட்டின்படி தனிமைப்படுத்தி, மறுபடி பாருங்கள். புகை அடங்கினால் முழு எஞ்சின் வேலைச் செலவு மிச்சம். அடங்கவில்லை, எண்களும் மோசம் என்றால் வேலை செய்யத்தான் வேண்டும். அப்போது போர் (சிலிண்டர் துளை) தேய்மானம் மேலும் கீழும் எவ்வளவு, ரிங் இடைவெளி எவ்வளவு (100 மி.மீ. போருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. என்பது பொதுக் கணக்கு), லைனர் (சிலிண்டரின் உள் உறை) பிளாக்கின் மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, கிராங்க் எந்த சைஸ் பேரிங்குக்குக் கடையப்பட்டது என்று எல்லாவற்றையும் எண்ணாக வாங்குங்கள். லைனர் நீட்டம் நூறில் சில பங்கு மி.மீ.தான். அது ஒன்று தவறினால் புது ஹெட் கேஸ்கட்டும் சீக்கிரமே போகும்.

பேச்சுவார்த்தையில் இவ்வளவு போதும்: ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனி லேபர், சரிசெய்யும் வேலைக்குத் தனி லேபர் என்று பிரித்துப் பேசுங்கள். எந்தத் தொகைக்கு மேல் போனால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நாலு பாகத்தை ஒன்றாக மாற்றிக் கோளாறு போனால், எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது. கழற்றிய பாகம் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் விலை குறையும் ரீகண்டிஷன் பாகம் என்றால் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம். பாகம் மாற்றியும் தீரவில்லை என்றால், "இதுதான் கெட்டதுன்னு எந்தச் சோதனையில தெரிஞ்சதுண்ணே?" என்று மட்டும் கேளுங்கள், கோபப்படாமல். சோதனை செய்து, அது சொன்னதை நம்பி மாற்றியிருந்தால் அந்த லேபருக்கு நியாயம் உண்டு. சோதனையே இல்லை என்றால் லேபரைக் குறைக்கச் சொல்ல உங்களுக்கும் நியாயம் உண்டு.

காலையில் மட்டும் வரும் கோளாறு என்றால் வண்டியை முந்தின ராத்திரியே பட்டறையில் விட்டு, காலையில் யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று சொல்லிவையுங்கள். லோடில் மட்டும் வருவது என்றால் லோடோடு கொண்டுபோங்கள், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த மேட்டையே ஏற்றிக் காட்டுங்கள். டெலிவரி எடுக்கும்போதும் அதே மேடு, அதே லோடு, அதே கியர். வெறும் வண்டியைப் பட்டறை வாசலில் ரைஸ் பண்ணிக் காட்டுவதைச் சோதனையாக ஏற்க வேண்டாம். திரும்பி வந்ததும் யூனியன் நட்டுகளிலும் பேஞ்சோக்களிலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவாமல், எஞ்சினை நிறுத்திவிட்டு அட்டையால் ஒற்றிப் பாருங்கள். ஆயில் அளவைக் குறித்து வையுங்கள். அடுத்த சில நாளில் ஏறினால் டீசல் கலக்கிறது. பம்ப் தாள், நாசில் எண்கள், கம்ப்ரஷன் எண்கள் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வண்டியிலேயே வைத்துவிடுங்கள். பட்டறை மாற்ற வேண்டி வந்தால், அடுத்தவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.